தோட்டத்து மைனர் விலைக்கு வந்திருக்கிறார்

(‘மூத்தோர் விட்டுச் சென்ற பொருள்: கட்டிக் காப்பதா, கைமாற்றுவதா?’ என்ற தலைப்பில் நடந்த தொலைக்காட்சி அரங்கில், கைமாற்றும் அணியின் சார்பில் கேமரன் மலை வாகனப் பட்டறைக்காரர் ஒருவர் ஆற்றிய உரை.)



எதிரணியில் பேசிய அம்மையார் தன் பாட்டியின் வெற்றிலைப் பெட்டியைப் பற்றிச் சொன்னபோது முன்வரிசையில் நாலைந்து பேர் கைக்குட்டையை எடுத்தார்கள். நான் மெக்கானிக். என் பையில் கைக்குட்டை இருக்காது, எண்ணெய்த் துணிதான் இருக்கும். அதனால் அழுகை எதுவும் என்னிடம் எதிர்பார்க்காதீர்கள். வெற்றிலைப் பெட்டிக்கு நான் விரோதியும் இல்லை. அதைத் துடைத்து அலமாரியில் வைக்கலாம், தலைமுறைக்கும் இருக்கும். நான் பேச வந்திருக்கிற பொருளை அலமாரியில் வைக்க முடியாது. நீளம் பன்னிரண்டு அடிக்கு மேல். எடை முக்கால் டன்.

எங்கள் மலையில் ஒரு மைனர் விலைக்கு வந்திருக்கிறார். கழுத்தில் தங்கச் சங்கிலியும் வாயில் சிகரெட்டுமாகச் சினிமாவில் வருவாரே, அந்த மைனர் இல்லை. மோரிஸ் மைனர். 1959-ஆம் ஆண்டு வண்டி. ஒரு தேயிலைத் தோட்டத்துக் கிராணி வாங்கியது. அவர் காலமாகிப் பல வருடம் ஆகிறது. பெரிய மகன் அதே தோட்டத்துத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். தங்கை கோலாலம்பூரில், தம்பி ஜொகூரில். கார் மட்டும் தோட்டத்து வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகைக்குள் பதினேழு வருடமாக நிற்கிறது. இந்த வருடக் கடைசியில் பெரிய மகனுக்கு அறுபது வயது முடிகிறது. வேலை முடிந்தால் வீட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். வீட்டைக் கொடுத்தால் கொட்டகை ஏது? என்னிடம் வந்து, “அண்ணே, அப்பா காடிய என்ன பண்றது?” என்று கேட்டார். “வித்துருங்க தம்பி” என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

முதலில் இந்த மைனர் யார் என்று தெரிய வேண்டும். 1948 அக்டோபரில் லண்டன் மோட்டார் கண்காட்சியில் வெளிவந்த கார் இது. வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். பிறந்தது ஸ்மிர்னா, இன்றைய துருக்கியின் இஸ்மீர். கிரேக்க வம்சாவளி. 1922-ல் அந்த நகரம் பற்றி எரிந்த நாட்களில் ஊரைவிட்டு வெளியேறிய குடும்பம் அது. பிறகுதான் இங்கிலாந்து. நம் தாத்தாக்களைப் போல அவரும் கப்பலேறி வந்தவர்தான். வெள்ளைக்காரன் கார், வெள்ளைக்காரன் கார் என்கிறோமே, அதன் கதை இப்படி.

கார் தயாராகி, கட்டுவதற்கு எல்லாம் ஏற்பாடான பிறகு இசிகோனிஸுக்கு ஒரு உறுத்தல். அகலம் போதவில்லை என்று தோன்றியது. மாதிரிக் காரை நடுவில் நீளவாக்கில் இரண்டாக அறுக்கச் சொன்னார். இரண்டு பாதியையும் விலக்கி விலக்கி வைத்துப் பார்த்தார். நாலு அங்குலம் விலக்கியதும் சரி என்றார். அதற்குள் பம்பரெல்லாம் பழைய அகலத்துக்குச் செய்தாகிவிட்டது. தூக்கிப் போட முடியுமா? அதையும் நடுவில் வெட்டி ஒரு பட்டையை வைத்து இணைத்தார்கள். மைனரின் பானெட்டைப் பாருங்கள், நடுவில் மேலிருந்து கீழாகத் தட்டையான பட்டை ஒன்று ஓடும். அழகுக்காக வைத்தது என்று பலர் நினைக்கிறார்கள். அந்த நாலு அங்குலம்தான் அது. கம்பெனி முதலாளி நஃபீல்டு பிரபுவுக்கு இந்தக் காரைக் கண்டாலே பிடிக்காது. உடைத்து வேகவைத்த முட்டை மாதிரி இருக்கிறது என்று கேலி செய்தார். அந்த முட்டைதான் பத்து லட்சம் விற்ற முதல் பிரிட்டிஷ் கார். அந்தக் கணக்கு 1960-61 வாக்கில் எட்டியது. அதைக் கொண்டாட இளம் ஊதா நிறத்தில் 350 கார் தனியாகச் செய்தார்கள்.

இப்போது ஒரு கேள்வி. இங்கிலாந்துக்காரன் செய்த குடும்பக் கார் எங்கள் மலைக்கு எதற்கு வந்தது? போர் முடிந்து மூன்றே வருடம். இங்கிலாந்து ஜெயித்தது, ஆனால் கஜானா காலி. எஃகுக்குப் பங்கீடு. செய்கிற காரை வெளிநாட்டுக்கு அனுப்பினால்தான் எஃகு கிடைக்கும் என்பது அன்றைய அரசாங்கத்தின் நிலை. அந்தக் காரெல்லாம் ஆஸ்திரேலியா, இந்தியா, இலங்கை, மலாயா என்று வந்து இறங்கியது. மலாயாவோ அந்தக் காலத்தில் பிரிட்டனுக்கு டாலர் சம்பாதித்துக் கொடுத்த நாடு. ரப்பரும் ஈயமும் அமெரிக்காவுக்குப் போகும், டாலர் லண்டன் கணக்கில் சேரும். டாலர் தட்டுப்பாட்டினால் அமெரிக்கக் கார் வாங்குவது கடினம், அதனால் நம் சாலையில் மோரிஸும் ஆஸ்டினும் ஹில்மனுமாக ஓடின. அந்த டாலருக்காகப் பால் மரம் சீவியது யார் என்று இந்த அவைக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சீவியவர் காரில் ஏறினாரா என்பதுதான் விஷயம்.

தோட்டத்தில் கார் வைத்திருந்தவர்களை விரல்விட்டு எண்ணலாம். துரைக்கு இருக்கும். பெரிய கிராணி, டிரஸ்ஸர், பள்ளிக்கூட வாத்தியார், இவர்களில் யாராவது ஒருவர் கடனை உடனை வாங்கி மோரிஸ் மைனர் வைத்திருப்பார். லயத்துக்காரருக்கு லாரியின் பின்பக்கம்தான். ஆனால் பிள்ளைப்பேறு ராத்திரி ஒரு மணிக்குத்தானே வரும்? அப்போது கிராணி வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். நல்ல மனுஷன் என்றால் எழுந்து சாவியை எடுப்பார். இந்தக் குடும்பத்தின் அப்பா எழுந்தவர் என்று அந்தத் தோட்டத்தில் இன்னும் சொல்கிறார்கள். எழாத கிராணிகளையும் எங்கள் மலைக்குத் தெரியும். அதனால் எல்லா மோரிஸ் மைனரும் பாசத்தின் சின்னம் என்று பொதுவாகச் சொல்ல என் வாய் வராது. வண்டியில் புண்ணியம் இல்லை, ஓட்டியவரிடம்தான் இருந்தது.

அப்படி எழுந்தவர் எந்தச் சாலையில் ஓட்டினார்? தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர். 1931-ல் வந்து சேர்ந்த சாலை. தாப்பா சமவெளி. தானா ராத்தா 1,400 மீட்டருக்கு மேல். சிம்பாங் பூலாய் பக்கத்துச் சாலையெல்லாம் 2000-களின் தொடக்கத்தில் வந்தது, அதற்கு முன் எங்களுக்கு மேலேறக் கீழிறங்க இந்த ஒரு வழிதான். 1948 ஜூனில் அறிவித்து 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் இந்தச் சாலையில் வண்டிகள் காவலோடு கூட்டமாகப் போன காலமும் உண்டு. மோரிஸ் மைனர் 1000-க்கு எஞ்சின் 948 சி.சி., 37 குதிரைசக்தி. இன்றைக்கு ஒரு பெரிய மோட்டார் சைக்கிளுக்கே அதைவிட அதிகம். ஏறும், ஆனால் தன் மனசுக்கு ஏறும். முதல் கியருக்கு சிங்க்ரோ கிடையாது. கொண்டை ஊசி வளைவில் வேகம் போய்விட்டால் நிறுத்தித்தான் முதல் கியர் போடவேண்டும், அல்லது கிளட்சை இரண்டு முறை மிதிக்கும் வித்தை தெரிய வேண்டும். இறங்கும்போது நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக், சூடானால் பிடிக்காது, அதனால் கியரில்தான் இறக்க வேண்டும். ஆனால் ஸ்டியரிங் இருக்கிறதே, அதற்கு மட்டும் நான் இன்றும் கைகூப்புவேன். அந்தக் காலத்துக் கார்களில் பாதிக்கு ஸ்டியரிங் என்பது கஞ்சிச் சட்டியில் அகப்பையைச் சுற்றுகிற மாதிரி. மோரிஸ் மைனருக்கு ரேக் அண்ட் பினியன். நினைத்த இடத்தில் திரும்பும். வளைவுக்கென்றே பிறந்த வண்டி.

இவ்வளவு புகழ்ந்துவிட்டு விற்கச் சொல்கிறாயே என்று நடுவர் பார்க்கிறார். பார்வை புரிகிறது.

எங்கள் மலைக்கு வந்தவர்கள் ஒன்று கவனித்திருப்பீர்கள். திரும்பின பக்கமெல்லாம் பழைய லேண்ட் ரோவர். கதவு ஒரு நிறம், பானெட் ஒரு நிறம், பின்னால் முட்டைக்கோஸ் கூடை. அதுவும் 1948-ல் பிறந்ததுதான், ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில். மோரிஸ் மைனருக்கு ஆறு மாதம் மூத்தது. இரண்டும் ஒரே நாடு, ஒரே வருடம். ஒன்று எங்கள் மலையில் தெருவெல்லாம் நிற்கிறது. மற்றது தேடினாலும் கிடைப்பதில்லை. ஏன்? எஃகு கிடைக்காத காலமாதலால் லேண்ட் ரோவரின் உடம்பை அலுமினியக் கலவையில் அடித்தார்கள். எங்கள் பனிமூட்டம் அதை ஒன்றும் செய்ய முடியவில்லை. இது ஒரு காரணம்தான். அதைவிடப் பெரியது, லேண்ட் ரோவருக்குக் காய்கறித் தோட்டத்தில் தினமும் வேலை இருக்கிறது. சேற்றில் இறங்க வேண்டும், மூட்டை ஏற்ற வேண்டும். கெட்டால் அன்றைக்கே பழுது பார்ப்பார்கள், இல்லாவிட்டால் மறுநாள் கோஸ் பசாருக்குப் போகாது. யாரும் அதைப் பாரம்பரியம் என்று கொட்டகையில் பூட்டவில்லை. அதனால்தான் இருக்கிறது.

இதே பாடத்தை யாழ்ப்பாணத்தில் பாருங்கள். 1990-ல் அங்கே பொருளாதாரத் தடை வந்தது. பெட்ரோல் இல்லை, புதுக் காரும் இல்லை. உதிரிப் பாகத்துக்கும் வழியில்லை. அந்த ஊரில் ஓடியவை எவை தெரியுமா? ஆஸ்டின் ஏ-40, கேம்பிரிட்ஜ், மோரிஸ் மைனர். கார்புரேட்டரில் சொட்டுச் சொட்டாய்க் கொஞ்சம் பெட்ரோல் விட்டு எஞ்சினைக் கிளப்புவார்கள், சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார்கள். புகை கண்ணைக் கரிக்கும், ஆனால் ஓடும். ஆஸ்பத்திரிக்குப் போவதும் அதில்தான், கல்யாணத்துக்குப் போவதும் அதில்தான். எங்கள் தொழிலில் இருக்கிறவனுக்கு அந்த ஊர் மெக்கானிக்குகளை நினைத்தால் உடம்பு சிலிர்க்கும். இலங்கையில் அந்தக் கைத்திறன் எவ்வளவு தூரம் போனது என்றால், 1990-களில் ஓர் இலங்கையரும் இங்கிலாந்தின் பாத் நகரத்து மோரிஸ் மைனர் பட்டறைக்காரர் ஒருவரும் கூட்டுச் சேர்ந்து, இலங்கையில் பாகங்கள் தட்டி இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். செய்த ஊருக்கே பாகம் போனது! இந்தியாவில் மோரிஸ் ஆக்ஸ்போர்டு அம்பாசடர் ஆகி 2014 வரை தொழிற்சாலையிலிருந்து வந்துகொண்டிருந்ததும் உங்களுக்குத் தெரியும். டாக்சிக்காரரும் அரசாங்கமும் அதை நிற்க விடவில்லை.

நிற்க விட்டால் என்ன ஆகும்? இந்தக் கொட்டகைக்குள் போய்ப் பார்த்தேன், சொல்கிறேன். எதிரணியினர் தயவுசெய்து கவனிக்க வேண்டும்.

வெளியிலிருந்து பார்த்தால் கார் அருமை. வாரம் ஒருமுறை பெரிய மகன் துடைக்கிறார். அம்மா பொங்கலுக்குப் பொட்டு வைக்கிறார். கண்ணாடியெல்லாம் பளபளப்பு. நான் பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்துப் பக்கவாட்டில் ஓட்டினேன். ஒட்டிக்கொண்டே வந்தது, இடதுபக்கம் கதவுக்குக் கீழே திடீரென்று கீழே விழுந்தது. என்ன அர்த்தம்? அங்கே இரும்பு இல்லை, புட்டி. அந்தக் காலத்தில் யாரோ அடைத்து வண்ணம் பூசியிருக்கிறார்கள். மோரிஸ் மைனருக்குத் தனிச் சட்டகம் கிடையாது, உடம்பே சட்டகம். கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிப் பகுதியும், முன்னிருக்கைக்கு அடியில் குறுக்கே போகும் கட்டையும், பின் ஸ்பிரிங் மாட்டுகிற இடமும் துரு தின்றால் வெளியழகு எவ்வளவு இருந்தாலும் வண்டி நடுவில் தொய்ந்துவிடும். ஸ்குரூடிரைவரால் குத்திப் பார்த்தேன். குறுக்குக் கட்டை தப்பித்திருக்கிறது. பின் ஸ்பிரிங் இடம் வலதுபக்கம் போய்விட்டது.

பிரேக்குக்கு வருவோம். மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநர் காலடியில், தரைக்குக் கீழே ஒளிந்திருக்கும். பதினேழு வருடத்தில் பிரேக் எண்ணெய் ஈரத்தை இழுத்து, உள்ளே இறுகிக் கிடக்கிறது. பெட்ரோல் டாங்கியில் இருந்தது பெட்ரோல் இல்லை, அரக்கு. டயர்கள் நின்ற இடத்தில் வெடித்துச் சதுரமாகிவிட்டன. முன் சக்கரத்தைத் தாங்குகிற டிரன்னியன் என்று ஒன்று இருக்கிறது, மரை போட்ட மூட்டு. ஆயிரம் மைலுக்கு ஒருமுறை கிரீஸ் அடிக்க வேண்டும். அடிக்காமல் விட்டால் ஒருநாள் ஓடிக்கொண்டிருக்கும்போதே சக்கரம் காலை மடக்கிப் படுத்துவிடும். இந்த வண்டியைத் துடைத்தவர்கள் யாரும் அங்கே கிரீஸ் அடிக்கவில்லை. தெரிந்தால்தானே அடிப்பார்கள்? துணியால் துடைப்பது பாசம்தான், மறுக்கவில்லை. ஆனால் வண்டிக்குக் கேட்டது கிரீஸ்.

எஞ்சின் மட்டும் என்னை ஆச்சரியப்படுத்தியது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி உள்ளே எண்ணெய் விட்டு இரண்டு நாள் ஊறவைத்தேன். பிறகு முன்னால் கைப்பிடியைச் செருகி மெதுவாகச் சுற்றினேன். சுற்றியது. பேட்டரி ஒன்றை இரவல் வாங்கி மாட்டினேன். அந்தக் காலத்து வண்டிக்குப் பாசிட்டிவ்தான் எர்த், மாற்றி மாட்டிவிடக் கூடாது. சாவியைத் திருப்பியதும் பெட்ரோல் பம்ப் ‘டக், டக், டக்’ என்றது. அடுப்படியில் இருந்த அம்மா கரண்டியோடு வெளியே வந்துவிட்டார். எஞ்சினைக் கிளப்பவில்லை, அரக்கை வைத்துக்கொண்டு கிளப்பக் கூடாது.

அடுத்தது காகிதம். நேயர்களே, உங்கள் வீட்டில் அப்பா பெயரில் ஏதாவது வண்டி கிடந்தால் இந்தப் பகுதியைக் குறித்துக்கொள்ளுங்கள். வண்டியின் கிரான் இன்னும் இறந்துபோன அப்பா பெயரில்தான் இருக்கிறது. மூத்த மகன் என்பதால் அவர் கையெழுத்துப் போட்டு விற்றுவிட முடியாது. அமானா ராயா வழியாகவோ, நில அலுவலகம் வழியாகவோ, நீதிமன்றம் வழியாகவோ வாரிசு உத்தரவு வேண்டும். அம்மா, மூன்று பிள்ளைகள், எல்லாரும் ஒப்புக்கொள்ள வேண்டும். பிறகு பெயர் மாற்றத்துக்கு வாகனப் பரிசோதனை. அங்கே சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் கிரானில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும். பழைய மோரிஸ் மைனர்களில் நிறையப் பேர் ஜப்பானிய எஞ்சினை மாற்றிப் போட்டார்கள். தப்பில்லை, நன்றாக ஓடும். ஆனால் அதைப் பதிவு செய்யாமல் விட்டவர்கள் இப்போது அவதிப்படுகிறார்கள். இந்த வண்டியில் சொந்த எஞ்சின் இருப்பது அதிர்ஷ்டம். காகிதம் இல்லாத கார் எவ்வளவு அழகானாலும் பாகத்துக்குத்தான் போகும். அப்பா இருக்கும்போதே செய்திருந்தால் அரைநாள் வேலை. இப்போது ஜொகூர் தம்பி லீவு எடுக்க வேண்டும்.

விளம்பரம் எழுதியது பேரப்பிள்ளை. கல்லூரியில் படிக்கிற பையன். “அரிய பொக்கிஷம், தாத்தாவின் அன்புச் சின்னம், ஓடும் நிலையில், பார்த்தால் விடமாட்டீர்கள்” என்று எழுதிக்கொண்டு வந்தான். “தம்பி, ஓடும் நிலையிலா? நீ ஓட்டிட்டுப் போ, நான் பின்னாடியே ஆம்புலன்சுல வர்றேன்” என்றேன். அதைக் கிழித்துவிட்டு நான் சொல்லச் சொல்ல வேறு எழுதினான்.

“மோரிஸ் மைனர் 1000, நாலு கதவு, 1959. சொந்த எஞ்சின், கையால் சுற்றுகிறது. 17 வருடமாக ஓடவில்லை. பிரேக் வேலை செய்யாது. இடதுபக்கக் கதவுக்குக் கீழேயும் வலது பின் ஸ்பிரிங் இடத்திலும் துரு, வெல்டிங் தேவை. டயர் நாலும் மாற்ற வேண்டும். கண்ணாடி, விளக்கு, மீட்டர், இருக்கைகள் முழுசாக உள்ளன. கிரான் உண்டு, வாரிசு உத்தரவுக்கு மனு செய்திருக்கிறோம். லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோக முடியும். பகலில் வந்து பார்க்கவும்.”

பகலில் என்று ஏன் போட்டேன் தெரியுமா? எங்கள் மலையில் சாயங்காலம் பனி இறங்கினால் எல்லாக் காரும் அழகாகத் தெரியும். வாங்குகிறவர் துருவைப் பார்க்க வேண்டும். பிறகு வந்து அழக் கூடாது.

பையனுக்கு வருத்தம். குறையெல்லாம் எழுதினால் யார் வருவார் என்றான். மூன்று பேர் வந்தார்கள். மூவருமே வேண்டியதைப் பார்த்து, உண்மை விலை சொன்னார்கள். ஒருவர் தங்கும் விடுதி நடத்துபவர். புல்வெளியில் நிறுத்தி, பானெட்டைத் திறந்து உள்ளே பூச்செடி நடுவாராம், சுற்றுலாப் பயணிகள் படமெடுக்க. இன்னொருவருக்குக் காரே வேண்டாம், நம்பர்தான் வேண்டும். பகாங் மாநிலத்தின் ‘சி’ எழுத்தில் தொடங்குகிற பழைய எண். அதை எடுத்துத் தன் புது வண்டிக்கு மாட்டிக்கொள்வார். அவர் சொன்ன தொகைதான் மூன்றிலும் பெரியது. காரை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். “ஏதாவது பண்ணலாம்” என்றார். அந்த ‘ஏதாவது’ என்ன என்று என் தொழிலில் எல்லாருக்கும் தெரியும்.

மூன்றாவது கம்பார் பக்கத்துப் பையன். குளிர்சாதனப் பெட்டி பழுது பார்க்கிற தொழில். அரை மணி நேரம் காருக்கு அடியில்தான் கிடந்தான். வெளியே வந்ததும் முதல் கேள்வி, “அண்ணே, டிரன்னியனுக்கு எப்பக் கிரீஸ் அடிச்சீங்க?” எனக்கு அந்தக் கேள்வியே போதும். ஆனால் அவனிடம் பணம் குறைவு. அம்மா அவனைக் கூப்பிட்டு ஒன்றுதான் கேட்டார்: “வாங்குனா ஓட்டுவியாப்பா?” ஒரு வருடம் ஆகும் என்றான், ஓட்டுவேன் என்றான்.

எதிரணி நண்பர் எழுந்து நிற்கத் துடிக்கிறார். அவர் கேட்கப் போவது தெரியும். “அப்படியானால் வீட்டிலேயே வைத்துப் பழுது பார்த்து நீங்களே ஓட்டலாமே?” நல்ல கேள்வி. எந்த வீட்டில், ஐயா?

தோட்டத்து வீடு தோட்டத்துடையது. தாத்தா அந்தத் தோட்டத்தில், அப்பா அந்தத் தோட்டத்தில், மகன் அந்தத் தோட்டத்தில். மூன்று தலைமுறை வாடகை இல்லாமல் இருந்தார்கள் என்பார்கள். மூன்று தலைமுறை இருந்தும் ஒரு செங்கல் சொந்தமில்லை என்று நான் சொல்வேன். 1990-ல் தொழிலாளர் குடியிருப்புக்குக் குறைந்தபட்சத் தரம் பற்றி ஒரு சட்டம் வந்தது, நல்லதுதான். குடியிருப்பு எப்படி இருக்க வேண்டும், என்ன வசதி வேண்டும் என்று சொல்கிறது. வேலை முடிந்த மறுநாள் எங்கே போவது என்பதை அது சொல்லவில்லை. 2013-லிருந்து ஓய்வு வயது அறுபது ஆனதால் ஐந்து வருடம் கூடக் கிடைத்தது, அவ்வளவுதான். இந்தக் குடும்பம் பீடோர் பக்கத்தில் ஒரு சின்ன வீட்டுக்கு முன்பணம் சேர்க்கிறது. அந்த வீட்டுக்கு முன்னால் ஒரு வண்டி நிற்கிற இடம்தான் இருக்கிறது. அங்கே மகன் வேலைக்குப் போகிற வண்டி நிற்க வேண்டும். மோரிஸ் மைனரை நிறுத்த வாடகைக்கு இடம் பிடிக்கச் சொல்கிறீர்களா? கார் ஒரு பாரம்பரியம் என்று சொல்கிறவர்கள் முதலில் அதற்கு ஒரு கூரையைக் காட்டுங்கள். கூரை இருக்கிறவர்கள் பேசுகிற பேச்சு அது.

சரி, யாருக்கு விற்பது? என் கருத்தை நடுவர் கேட்டால், கம்பார் பையனுக்கு. தொகையில் வித்தியாசம் இருக்கிறது, அதைத் தவணையில் தரட்டும். ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். முன்பணத்துக்குக் குறைகிறது, வருடக் கடைசிக்குள் வீடு முடிய வேண்டும் என்ற நிலை வந்தால், நம்பர் கேட்டவருக்கே கொடுக்கட்டும். மோரிஸ் மைனரை விட வீடு பெரிது. அப்படிக் கொடுத்தால் உறவுக்காரர்கள் எவரும் “ஐயோ, அப்பா காடிய வித்துட்டியா?” என்று கேட்கக் கூடாது. கேட்கிறவர்கள் பதினேழு வருடத்தில் ஒரு தரமாவது அந்தக் கொட்டகைக்கு ஒரு தகரம் வாங்கிக் கொடுத்தார்களா?

தங்கை கையெழுத்துப் போட்டுவிட்டார். ஜொகூர் தம்பி அடுத்த வாரம் வருவதாகச் சொல்லியிருக்கிறார். கம்பார் பையன் ஞாயிற்றுக்கிழமை லாரிக்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வருகிறான். கொட்டகை வாசல் குறுகல், லாரி பின்னால் வந்து நிற்க இடம் போதுமா என்று அளக்க வேண்டுமாம். சக்கரம் சுற்றாமல் இழுத்தால் உடம்பு கிழிந்துவிடும். அதனால் நேற்றே நாலு டிரம்மையும் கழற்றி ஷூவைத் தளர்த்தி வைத்துவிட்டேன். டிரன்னியனுக்கும் கிரீஸ் அடித்தாயிற்று. மணி அடித்துவிட்டீர்கள் நடுவர் அவர்களே, உட்காருகிறேன்.